கெல்வின் பிரபுவும் ஆழ்கடல் தந்தியும்

தொலைவில் உள்ளார் உரைக்கும் சொல்லை அக்கணமே கேட்டறிதல் வேண்டும் என்னும் அவா மாந்தர்க்கு இயல்பானது. குன்றின்மேல் மூட்டிய தீயும், புறாவின் காலிற் கட்டிய ஓலையும், இரவு பகலாக ஓடித் தளர்ந்த தூதனும் இவ்வவாவினின்றும் பிறந்தனவே. ஆயின், ஒரு சொல் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் போதாது. அஃது உரிய காலத்தே சேர்தல் வேண்டும். சேர்ந்த அதனைப் பெறுவோன் பிழையறப் படித்தலும் வேண்டும். போர் முடிந்தபின் வந்த போர்ச்செய்தியால் யாது பயன்? காலங்கடந்து வந்த செய்தி வாராத செய்தியோடு ஒக்கும்.

சைகை ஏன் பிந்துகின்றது, எவ்விடத்தே பிந்துகின்றது, அப்பிழையைக் காண்பது எங்ஙனம் என்னும் வினாக்களுக்குத் தம் வாழ்நாளின் நற்பகுதியை ஈந்து விடையுங் கண்டவர் ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே வில்லியம் தாம்ஸன் என்னும் இயற்பெயருடைய கெல்வின் பிரபு. வெப்பம், மின்சாரம், காந்தம், கடற்பயணம் ஆகிய பல துறைகளினும் அவர் செய்தவை பலவாம். அவையனைத்தையும் கூறப் புகின் இம்மலர் இடங்கொடாது. ஆதலின், அவருடைய வரலாற்றினைச் சுருங்கக் கூறி, ஆழ்கடல் தந்தியைப் பற்றிய பகுதியை மட்டும் விரித்துரைப்பாம்.

பிறப்பும் கல்வியும்

தாம்ஸன் 1824ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள் அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் தாம்ஸன் உழவர் குடியிற் பிறந்து, தம் முயற்சியாலேயே கற்றுக் கணித ஆசிரியராக உயர்ந்தவர். தாயார் 1830இல் மறைந்தார். தாயில்லாக் குழந்தைகளுக்குத் தந்தையே ஆசானும் ஆயினார். 1832இல் அவர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக அமர்த்தப் பெறவே, குடும்பம் ஸ்காத்லாந்துக்குப் பெயர்ந்தது. 1834இல், பத்தே வயதினராகிய வில்லியம் அச்சர்வகலாசாலையின் மாணவராகப் பெயர் பதிந்தார். இளையோரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அக்காலத்து அங்கு உண்டாயினும், அத்துணை இளையோர் மிகச் சிலரே.

தம் பதினாறாம் ஆண்டில் அவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே என்பார் வெப்பத்தைக் குறித்து எழுதிய பெருநூலை இரண்டே கிழமையிற் படித்து முடித்தார். ஓர் இருப்புக்கோலின் ஒருமுனையைக் காய்ச்சினால் வெப்பம் மறுமுனைக்கு எங்ஙனம் மெல்லமெல்லப் பரவுகின்றது என்பதைக் கணக்கால் விளக்குவது அந்நூல். அப்பொழுது அது வெறும் கல்வியின்பமாகவே இருந்தது. பின்னாளில் அக்கணக்கே அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கத் துணையாம் என்பதை அச்சிறுவர் எங்ஙனம் அறிவார்?

1841இல் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, 1845இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். பின்னர்ப் பாரிஸ் சென்று ரெஞோ என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் அளவைத் தொழிலைப் பயின்றார். 1846இல், இருபத்திரண்டாம் வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியரானார். அப்பதவியில் 53 ஆண்டுகள் நீடித்தார்.

அங்கு அவர் செய்த முதற்பணிகளுள் ஒன்று மாணவர் தம் கையாலேயே சோதனை செய்தற்கு ஓர் இடம் அமைத்தது. புதுக்கட்டடம் எழுப்பப் பொருளில்லை. கல்லூரியில் ஒருவரும் பயன்படுத்தாது கிடந்த திராட்சமது நிலவறை ஒன்று கிடைத்தது, அதுவே ஆய்வுக்கூடமாயிற்று. இருளும் ஈரமும் நிறைந்த அவ்வறையிற் கம்பிகளை அளந்துகொண்டிருந்த மாணவரின் உழைப்பு, பின்னர் ஒரு பெருந்தொழிலின் நெறியையே மாற்றியது.

கடலுள் சைகை தளர்தல்

நிலத்தின்மேற் கம்பங்களில் கட்டிய தந்திக்கம்பியில் சைகை இமைப்பொழுதிற் சென்றடையும். கடலுட் கிடத்திய கம்பியிலோ அங்ஙனமன்று. இதனை 1854இல் மைக்கேல் பாரடே ஆராய்ந்து வெளியிட்டார். கடற்கம்பியின் நடுவே செம்பு. அதனைச் சூழக் கட்டாபர்ச்சா என்னும் மரப்பாலாலாகிய காப்புறை. அதற்கு வெளியே உப்புநீர். ஆதலின் அக்கம்பி முழுவதும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் நெடிய சாடி போலாகின்றது. அனுப்பும் சைகை முதலிற் சாடியை நிறைத்தல் வேண்டும். அடுத்த சைகை புறப்படுமுன் சாடி வடிதலும் வேண்டும். இன்றேல் ஒன்றன் வால் மற்றொன்றன் தலையோடு கலந்து, பெறுவோனுக்கு எவ்வெழுத்தும் புலனாகாது.

தாம்ஸன் பூரியேயின் கணக்கை நினைந்தார். இருப்புக்கோலில் வெப்பம் பரவும் முறையும், கடற்கம்பியில் மின்சாரம் பரவும் முறையும் கணிதத்தால் ஒன்றே எனக் கண்டார். 1855இல் வெளியிட்ட அவர்தம் முடிபு இது: கம்பியின் நீளம் இருமடங்கானால் சைகையின் தாமதம் நான்கு மடங்காகும், நீளம் பத்து மடங்கானால் தாமதம் நூறு மடங்காகும். இதற்கு மருந்தும் அவரே கூறினார். செம்பைத் தடிப்பாக்குக, காப்புறையைத் தடிப்பாக்குக, பெறுமிடத்தே மிக நுண்ணிய கருவியை வைத்து, சிறிய சைகையையும் உணர்க என்பதாம்.

1856இல் அட்லாண்டிக் தந்திக் கம்பெனி 350,000 பவுன் முதலோடு தோன்றிற்று. அதன் மின்சாரத் தலைவராக அமர்ந்தவர் வைல்ட்மன் வைட்ஹவுஸ். இவர் மருத்துவத் தொழிலர். மின்சாரச் சோதனைகளைத் தம் ஆர்வத்தாற் பயின்றவர். தாம்ஸனின் விதி ஏட்டளவில் நின்ற கற்பனை என்று இவர் அறிஞர் அவையிலேயே மறுத்துப் பேசினார். தொழிலை நடத்துவோர்க்கு இவ்வுரை இனிதாயிருந்தது. ஏனெனில், தாம்ஸனின் விதி மெய்யாயின் செலவு பெருகும். தாம்ஸன் அக்கம்பெனியின் இயக்குநருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, கம்பி செய்தற்குரிய ஒப்பந்தம் முன்னமே முடிந்துவிட்டது. ஒரு கடல்மைலுக்கு 107 பவுண்டு நிறையுள்ள மெல்லிய செம்பே அதன் நெஞ்சாக அமைந்தது.

செம்பிலும் ஒரு கரவு இருந்ததை அவர் கண்டார். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் செம்புக் கம்பிகளைத் தம் நிலவறையில் அளந்து பார்த்தபொழுது, சில நன்கு மின்சாரத்தைக் கடத்தின; சில அதிற் பாதியளவே கடத்தின. சிறிதளவு கலந்த மாசே இதற்குக் காரணம். அளந்து பாராமல் வாங்கிய செம்பு கடலடியிற் சென்றபின் யார் அதனை மாற்ற வல்லார்? ஆதலின் ஒவ்வொரு சுருளையும் அளந்தே ஏற்றல் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். பின்னர்ச் செய்த கம்பிக்கு அவ்விதி ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வெற்றி போலத் தோன்றிய தோல்வி

1857 ஆகஸ்டில் அயர்லாந்தின் வலென்ஷியாவிலிருந்து கம்பி இடுதல் தொடங்கிற்று. வைட்ஹவுஸ் உடல்நலங் கருதிக் கப்பலேற மறுக்க, தாம்ஸன் ஊதியமின்றி அவர் இடத்தே சென்றார். ஏறக்குறைய 380 மைல் இட்டபின் கம்பி அறுந்து ஆழ்கடலுள் மறைந்தது. ஆலைகள் செய்த பிழையும் ஒன்று அக்காலை வெளிப்பட்டது. கம்பியின் ஒரு பாதியை ஓர் ஆலையும் மறுபாதியை வேறோர் ஆலையும் செய்திருந்தன. இரண்டின் புறக்கவசமும் ஒன்றற்கொன்று எதிராக முறுக்கப்பட்டிருந்தன! நடுக்கடலில் அவற்றை இணைத்தால் முறுக்கு அவிழும். இதற்கெனத் தனியே ஒரு கட்டை செய்து பொருத்தியே இணைக்க வேண்டியதாயிற்று.

1858 ஜூனில் மீண்டும் புறப்பட்டனர். அகமெம்னான் என்னும் போர்க்கப்பல் கொடும்புயலிற் சிக்கிக் கவிழும் நிலையை அடைந்தது. கம்பி பலமுறை அறுந்தது. ஜூலையில் நான்காம் முறையாக நடுக்கடலிற் கம்பிகளை இணைத்தனர். ஜூலை 29ஆம் நாள் சைகை திடீரென நின்றது. கப்பலின் மின்னறையில் தாம்ஸன் தம் கருவியின் ஒளிப்புள்ளியை நோக்கியவாறு இருந்தார். சில நாழிகைக்குப்பின் ஒளி மீண்டும் அசைந்தது. அனைவரும் உயிர்பெற்றார்போல் ஆயினர். ஆகஸ்டு 5ஆம் நாள் கம்பியின் இருமுனைகளும் இருகரையையும் சேர்ந்தன.

அந்த ஒளிப்புள்ளியைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அக்கருவிக்கு ஆடி கால்வனாமீட்டர் என்று பெயர். நுண்ணிய காந்தங்களை முதுகில் ஒட்டிய ஒரு சிறு கண்ணாடி, பட்டுநூலில் தொங்கும். மிகச் சிறிய மின்சாரம் சுற்றுக்கம்பியிற் பாய்ந்தாலும் அக்கண்ணாடி அணுவளவு திரும்பும். அதன்மேற் படும் விளக்கொளி எதிரிலுள்ள அளவுகோலில் விரற்கடைக் கணக்கில் நகரும். ஒளிக்கு எடையில்லையாதலின், அஃது எடையற்ற நெடுமுள்ளாகப் பணிபுரிந்தது.

வைட்ஹவுஸ் இதனை விரும்பினாரல்லர். ஐந்தடி நீளமுள்ள பெருஞ்சுருள்களை அமைத்து, ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தோடு மின்சாரத்தைக் கம்பியுட் செலுத்தினார். நோயின் மூலத்தை ஆராயாது மருந்தின் அளவையே பெருக்கும் மருத்துவன் செயலை இஃது ஒத்தது. விக்டோரியா அரசியார் அமெரிக்கத் தலைவர் புகானனுக்கு விடுத்த வாழ்த்து 98 சொற்களே கொண்டது. அது சென்று முடிய ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்று. எனினும் இரு நாட்டிலும் மகிழ்ச்சி கரைபுரண்டது. நியூயார்க் நகரமண்டபம் வாணவேடிக்கையால் தீப்பற்றவும் செய்தது. ஆனால், கடலடியில் கம்பி மெல்லமெல்ல மாண்டுகொண்டிருந்தது. வைட்ஹவுஸின் கருவிகள் படிக்கமாட்டாத சைகைகளைத் தாம்ஸனின் ஆடி படித்தது. ஆடி படித்ததனையே தம் கருவி படித்ததுபோல் அவர் காட்டியதும் வெளிப்பட்டது. இயக்குநர் அவரை நீக்கினர். நீக்கப்பட்டவர்க்காக முதலிற் பரிந்து எழுதியவர் தாம்ஸனே என்பது அவர்தம் பெருந்தன்மைக்குச் சான்று.

செப்டம்பர் முதல் நாள் நியூயார்க் மக்கள் பெருவிழாக் கொண்டாடிய அதேபொழுதில் கம்பி பேச்சிழந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தினநாள், கனடாவிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட இருந்த இரு படைப்பிரிவுகளை நிறுத்துமாறு லண்டனிலிருந்து ஆணை அக்கம்பி வழியே சென்றது. அவ்வொரு செய்தி மிச்சப்படுத்தியது ஏறக்குறைய 50,000 பவுன் என்பர். உரிய காலத்தே சேரும் செய்தியின் விலை இஃதாம்.

பிழையைக் கண்டறியும் கலை

தோல்வியின்பின் பழி சுமத்துவோர் பலராயினர். இத்தந்தி முழுதும் பொய்யென்றாரும் உளர். அரசாங்கமும் கம்பெனியும் சேர்ந்து ஒரு விசாரணைக்குழுவை அமைத்தன. 1861இல் வெளிவந்த அதன் அறிக்கையால், உலகெங்கும் இட்ட ஏறக்குறைய 11,000 மைல் கடற்கம்பியில் 3,000 மைலே வேலை செய்தது எனத் தெரிந்தது. அட்லாண்டிக் கம்பியோ அவசரத்திற் செய்யப்பட்டது. வெயிலிற் போட்டு வைத்தமையால் காப்புறை உருகி, செம்பு நடுவைவிட்டு விலகியது. பெரிய அழுத்தம் நலிந்த உடலின்மேல் விழுந்த அடியாயிற்று. ஆதலின் குற்றம் ஒருவரிடத்து மட்டும் இருந்ததன்று. அளவாமல் நம்பிய அனைவரிடத்தும் இருந்தது.

தாம்ஸன் வெதும்பிப் பேசிக் காலம் போக்காமல், அளவையின் அடிப்படையையே சீர்செய்ய முனைந்தார். மின்தடைக்குப் பொது அளவு அக்காலத்து இல்லை. ஒருவர் கூறும் அளவு மற்றவர்க்கு விளங்காது. அவர்தம் தூண்டுதலால் 1861இல் பிரிட்டிஷ் அறிவியற் சங்கம் ஒரு குழுவை நிறுவிற்று. இன்று உலகமெங்கும் வழங்கும் ஓம் என்னும் அலகு அக்குழுவின் உழைப்பினின்று வளர்ந்ததேயாம்.

பொது அளவு எதற்கு எனின், கூறுவாம். ஒரு மைல் செம்பின் தடை இவ்வளவு என முன்னரே அளந்து எழுதி வைத்திருப்பின், கடலடியிற் கம்பி பழுதுற்றபோது கரையிலிருந்தே தடையை அளந்து, பழுது எத்தனை மைலில் உளதென்று கணக்கிடலாம். துளையின் தடையும் கூடவே வந்து கணக்கைக் குழப்பும். அதனால் இருகரையினின்றும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டு, அதனைக் கழிப்பர். கண் காணாத ஆழத்துப் பழுதினைக் கரையில் அமர்ந்தவாறே சுட்டும் வித்தை இது.

1865இல் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பல் புதுக்கம்பியோடு புறப்பட்டது. இம்முறை செம்பு மைலுக்கு 300 பவுண்டு. காப்புறை 400 பவுண்டு. தாம்ஸனின் விதிக்குப் பத்து ஆண்டின்பின் கிடைத்த மரியாதை இது. வழியில் சைகை தவறியது. அளந்து, இட்ட கம்பியை மீட்டு இழுத்துப் பார்த்தபோது, இரண்டங்குல இரும்புக்கம்பித் துண்டொன்று காப்புறையைத் துளைத்துச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆகஸ்டு 2ஆம் நாள், ஏறக்குறைய 1,200 மைல் இட்டபின், கம்பி அறுந்து ஆழ்ந்தது. கொக்கியிட்டு மும்முறை பற்றியும், தூக்கும் கயிறு அறுந்தமையாற் கைவிட்டனர்.

1866 ஜூலை 27ஆம் நாள் புதுக்கம்பி நியூபவுண்ட்லாந்திலுள்ள ஹார்ட்ஸ் கன்டென்ட் என்னும் சிற்றூரை அடைந்தது. தாம்ஸன் அப்பயணத்தும் கப்பலில் இருந்தார். செப்டம்பரில், முந்திய ஆண்டு இழந்த கம்பியையும் கடலடியிலிருந்து எடுத்து இணைத்து முடித்தனர். இரு கம்பிகளும் நிமிஷத்துக்கு எட்டுச் சொல் வீதம் பேசின. அம்மாதத்தே லாட்டிமர் கிளார்க் என்னும் பொறியாளர், தையற்காரர் விரலிலணியும் வெள்ளிக் கவசம் ஒன்றில் சிறிது அமிலமும் ஒரு துத்தநாகத் துண்டும் இட்டு, இரு கம்பிகளையும் ஒன்றாய் இணைத்து, 3,700 மைல் தொலைவுக்குச் சைகை அனுப்பினார், ஆடி அசைந்தது. இரண்டாயிரம் வோல்ட் கொன்ற இடத்தில், விரற்கவசத்துள் அடங்கிய மின்சாரம் வென்றது. உரக்கக் கத்துவோனைவிட உற்றுக் கேட்போனாற் பெரும்பயன் விளைந்தது.

அவ்வாண்டே அவர்க்கு ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. 1867இல் சைகையைத் தானே மையால் தாளில் எழுதிவைக்கும் ஸைபன் ரிக்கார்டர் என்னும் கருவியைச் செய்தார். சில ஆண்டுக்குள் பம்பாயிலிருந்து ஏடனுக்கும், சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கும் கடற்கம்பிகள் இடப்பட்டன. நம் கடற்கரைக்கும் இவ்வறிவின் பயன் வந்து சேர்ந்தது.

இறுதி நாள்கள்

கப்பற்றிசைகாட்டியைத் திருத்தியதும், ஆழமளக்கும் கருவி அமைத்ததும், முற்றிய குளிர்நிலையினின்று தொடங்கும் வெப்ப அளவுமுறையை 1848இல் வகுத்ததும் அவர்தம் பிற பணிகளாம். 1892இல் பிரபு பட்டம் பெற்றபோது, தம் சர்வகலாசாலையின் அருகே ஓடும் கெல்வின் என்னும் சிற்றாற்றின் பெயரைப் பூண்டார். இன்று வெப்பநிலையின் உலகப்பொது அலகு அப்பெயரையே தாங்குகின்றது.

அவர் தவறாதவர் அல்லர். பூமியின் வயது இரண்டு கோடி முதல் நாலு கோடி ஆண்டு வரையில் இருக்கும் என்று 1897இல் அவர் கூறினார். இன்று அஃது ஏறக்குறைய 450 கோடி ஆண்டு எனத் தெளியப்பட்டுள்ளது. கடற்கம்பியைக் குறித்த அவர்தம் கணக்கும் மெல்லியற் சைகைகளுக்கே முழுதும் பொருந்துவது. விரைவுச் சைகைகளுக்கு வேண்டிய விரிவைச் செய்தவர் ஆலிவர் ஹெவிசைட். அளந்தவற்றில் அவர் வழுவிலர். அளவாததொன்றைத் துணிந்து கொண்டவிடத்தே வழுவினார்.

1899இல் ஓய்வு பெற்ற அம்முதியவர், அதே சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராகத் தம் பெயரைப் பதிந்துகொண்டார். பத்து வயதிற் பதிந்த பெயரை எழுபத்தைந்து வயதில் மீண்டும் பதிந்தார் என்க. 1907 டிசம்பர் 17ஆம் நாள் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் கொள்ளத்தக்கது

கெல்வின் கண்ட நெறி பழங்கதையன்று. இன்று கணினி ஒவ்வொன்றிலும், வெளிக்கம்பிக்கும் கணினிக்கும் இடையே வாயிற்காவலன்போல 'நெட்வொர்க் கார்டு' என்னும் அட்டை அமைந்துள்ளது. அதனை ஆளும் நிரலை 'டிரைவர்' என வழங்குவர். ஆலையில் எந்திரக்கையை இயக்கும் கணினிக்கு, வந்த செய்தியைக் குறித்த கணத்துக்குள் எடுத்து விடையிறுத்தல் கடமை. ஆயிரஞ்செய்தி விரைந்து வந்து ஒன்று பிந்தினும் கேடு நேரும். அங்ஙனம் பிந்தும்போது, விரைவு மிக்க வேறொரு கணினியை வாங்கிப் பொருத்துவது வைட்ஹவுஸின் வழி. செய்தி அட்டையை அடைந்த நேரம், அட்டை கணினியைத் தட்டியெழுப்பிய நேரம், டிரைவர் அதனை எடுத்த நேரம், உரிய நிரலின் கையிற் சேர்ந்த நேரம் என்று படிதோறும் காலத்தைக் குறித்து, தாமதம் எப்படியிற் பிறந்ததென ஆராய்வது தாம்ஸனின் வழி. சில அட்டைகள் பல செய்திகளைத் திரட்டி வைத்து ஒருமுறையே கணினியை எழுப்பும். பொதுவேலைக்கு அது சிக்கனம்; நேரம் தவறலாகாத வேலைக்கு அதுவே நோய். அளந்தாலன்றி இது புலனாகாது.

மாணவ நண்பர்களே, வேலை நடவாதபோது வலிமையைக் கூட்டுதல் எவர்க்கும் எளிது. வேலை எவ்விடத்தே நின்றதென்று பொறுமையோடு தேடுதல் அரிது. அரியதைச் செய்த ஒருவர், நம்மைப்போற் கல்லூரி மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, ஓர் ஈர நிலவறையில் அதனைத் தொடங்கினார். பெரிய கூடமும் விலையுயர்ந்த கருவியும் வாய்க்கவில்லையே என்று நாம் வாளா இருத்தல் தகாது. கையிலுள்ளதைக் கொண்டு, முன்னுள்ளதைச் செவ்வையாக அளக்கத் தொடங்குவோமாக.